மூன்று விரல் பிரவுன்

பேஸ்பால் என்னும் பந்தாட்டம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. ஆயினும், பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியிருக்கும் மாணவ மாணவியர்க்கு அதன் அமைப்பை விளக்குவது கடினமன்று. ரவுண்டர்சில் ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் கட்டையால் அடிக்கிறார். அடித்தவர் கம்பம் கம்பமாக ஓடிச் சுற்றி வந்தால் புள்ளி கிடைக்கிறது. பேஸ்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கம்பங்களுக்குப் பதிலாகத் தரையில் நான்கு தளங்கள் உண்டு. ஒரு தளத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பக்கத்திற்கு ஒன்பது பேர். அடிக்கும் பக்கத்தில் மூவர் ஆட்டமிழந்தால் மறுபக்கத்தின் முறை வரும். இவ்வாறு இரு பக்கத்தாரும் ஒன்பது முறை ஆடினால் ஓர் ஆட்டம் நிறைவு பெறும்.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடியாக விளங்குபவர் பந்து எறிபவரே. அவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று, கட்டையைப் பிடித்திருப்பவரை நோக்கி எறிவார். கிரிக்கெட்டில் போலப் பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை. காற்றிலேயே சென்று சேர வேண்டும். அடிப்பவர் பார்த்து, எண்ணி, கட்டையை வீசுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை வினாடியே. அந்த அரை வினாடிக்குள் பந்து சற்றே வளைந்தாலும், சற்றே தாழ்ந்தாலும் அடிப்பவர் ஏமாந்துபோவார். பந்தை அவ்வாறு வளைப்பவை எறிபவரின் விரல்கள். அவற்றுள்ளும் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே தலையானவை. பால்மரம் சீவுவோருக்கு உளி எப்படியோ, பந்து எறிபவருக்கு அவ்விரு விரல்கள் அப்படி.

அத்தகைய ஆட்டத்தில், வலக்கை ஆள்காட்டி விரலை இழந்த ஒருவர், அந்த வலக்கையாலேயே எறிந்து 239 ஆட்டங்களை வென்றார் என்றால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். அவர் பெயர் மோர்டெக்காய் பிரவுன். அவர் வரலாற்றைத்தான் இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறோம்.

பிரவுன் 1876 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நைஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வாண்டு அமெரிக்கா விடுதலை பெற்று நூறாவது ஆண்டு. ஆகவே பெற்றோர் அவருடைய பெயரோடு, நூற்றாண்டு என்று பொருள்படும் சென்டெனியல் என்னும் சொல்லையும் சேர்த்துவிட்டனர். நாட்டின் கொண்டாட்டம் பெயரில் ஏறியதே தவிர, வீட்டில் செல்வம் ஏறவில்லை. உழவும் நிலக்கரிச் சுரங்கமுமே அவ்வட்டாரத்தில் பிழைப்பு.

சிறுவனாக இருந்தபொழுது பண்ணையில் மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் அவருடைய வலக்கை அகப்பட்டுக்கொண்டது. ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி துண்டாயிற்று; அடிக்கட்டைதான் எஞ்சியது. மற்ற விரல்களும் காயமுற்றன. அந்தப் புண் ஆறுவதற்குள், முயலைத் துரத்தி ஓடியபொழுது கீழே விழுந்து அதே கையில் மீண்டும் அடிபட்டார். விரல் எலும்புகள் முறிந்து, நேராகச் சேராமல் கோணலாகவே சேர்ந்துவிட்டன. நடுவிரல் வளைந்து நின்றது. சுண்டுவிரலும் செயல் குன்றியது.

இங்கே பெற்றோர்களுக்கு ஒன்று கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் தோட்டத்திலும் இயந்திரங்கள் உண்டு. முன்னாளில் ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் உருளைகள் இருந்தன. அவற்றில் விரல் நசுங்கிய பெரியவர்களை நாம் அறிவோம். இந்நாளில் புல் வெட்டும் இயந்திரமும், தேங்காய் துருவும் இயந்திரமும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. பிரவுன் பின்னாளில் புகழ் பெற்றார் என்பதற்காக அந்த இயந்திரத்தை எவரும் வாழ்த்திவிடலாகாது. அது அவரிடமிருந்து ஒரு விரலை எடுத்துக்கொண்டது, வேறொன்றும் கொடுக்கவில்லை. விரல் போனதனால்தான் அவர் பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்று எழுதுவோர் பலர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. அவ்வாறாயின், விரல் இழந்தோர் யாவரும் ஆட்டக்காரர்களாகியிருக்க வேண்டுமன்றோ? ஏன் உடன்பாடு இல்லை என்பதை மேலே காண்போம்.

கை ஆறிய பின் சிறுவன் பிரவுன் செய்தது ஒன்றுதான். களஞ்சியத்தின் மரச்சுவரில், பலகைக் கணு விழுந்த துளைகள் இருந்தன. அத்துளைகளைக் குறியாக வைத்துக் கல் எறிந்தார். கோணல் விரல்களால் கல்லைப் பிடிப்பதே முதலில் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். எந்த விரல் எவ்வளவு அழுத்தினால் கல் எப்பக்கம் போகிறது என்பதை எவரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க இயலாது. அப்படி ஒரு கை ஊரில் வேறு எவருக்கும் இல்லை.

வயது வந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். சுரங்கத் தொழிலாளி என்ற பட்டப்பெயர் பிற்காலத்தில் அவரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம். அக்காலத்தில் இந்தியானாவின் சுரங்க ஊர்கள் பலவற்றிலும் பேஸ்பால் குழுக்கள் இருந்தன. தோட்டத்திற்குத் தோட்டம் காற்பந்துக் குழு இருந்ததை நினைவிற்கொண்டால், அந்தச் சூழ்நிலை நம் பெரியவர்களுக்கு நன்கு விளங்கும். பிரவுன் காக்ஸ்வில் என்னும் ஊர்க் குழுவில் சேர்ந்தார். ஆனால் பந்து எறிபவராக அன்று; மூன்றாம் தளத்தைக் காப்பவராகத்தான் சேர்ந்தார். இந்தக் கையைக் கொண்டு பந்து எறியலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். 1898 ஆம் ஆண்டில் ஒருநாள், வழக்கமாக எறிபவரால் ஆட இயலாமற்போகவே, பிரவுனை எறியச் சொன்னார்கள். அன்று எதிர்த்து ஆடியவர்கள் பிரேசில் என்னும் ஊரார். (தென்னமெரிக்க நாடு அன்று, இந்தியானாவிலேயே அப்பெயரில் ஓர் ஊர் உண்டு.) அவர்களால் அவருடைய பந்தை அடிக்க முடியவில்லை. தோற்ற ஊராரே அவரைத் தங்கள் குழுவுக்கு அழைத்துக்கொண்டனர்.

அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 22. அதன் பின்னும் அவர் விரைந்து உயர்ந்துவிடவில்லை. 1901 இல் டெர ஹோட் நகரக் குழுவில் சம்பளத்திற்கு ஆடினார். 1902 இல் ஒமாஹா நகரக் குழுவில் ஆடினார். 1903 இல்தான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் பெரிய குழுவில் இடம் கிடைத்தது. அக்குழு அவ்வாண்டு வலிவற்றதாக இருந்தது. அவர் 9 ஆட்டங்களை வென்று 13 ஆட்டங்களில் தோற்றார். ஆண்டு முடிவில் அவரை வேறு குழுவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டனர். 27 வயதில் அவர் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார். அக்குழுவே பின்னர் கப்ஸ் என்னும் பெயரால் நிலைபெற்றது.

நிற்க. அந்தக் கை பந்தை எவ்வாறு வளைத்தது என்பதை இப்பொழுது விளக்குவோம். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

பந்தை எவ்வளவு விசையாக எறிந்தாலும் பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக எறிபவர், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பந்தின் மேல் வைத்து, விடுகின்ற நொடியில் அவ்விரு விரல்களால் பின்புறத்தைக் கீழ்நோக்கித் தேய்த்துவிடுவார். அதனால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு செல்லும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளப்பட்ட காற்று பந்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளும். பின்னோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளுவதால், அது சற்றுத் தாங்கலாக, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தாழும். முன்னோக்கிச் சுழலும் பந்து இதற்கு மாறாக, ஈர்ப்பு இழுப்பதோடு காற்றும் அமுக்கிவிட, திடீரென விழுந்ததுபோல் தாழும். பக்கவாட்டில் சுழன்றால் பக்கமாக வளையும். பந்தின் தோலைச் சேர்த்துத் தைத்திருக்கும் தையல் மேடாக இருப்பதால், விரலுக்குப் பிடிப்பும் கிடைக்கிறது. காற்றைப் பற்றிக்கொள்ளவும் உதவுகிறது. ஐயமுள்ளோர் நீச்சல் குளத்துப் பெரிய காற்றுப் பந்து ஒன்றைச் சுழற்றி எறிந்து பார்க்கலாம்; இலேசான பந்தாகையால் அதன் வளைவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பிரவுனின் கையிலோ ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் சிறு கட்டை மட்டுமே. பந்து அவர் கையை விட்டு நீங்கும்பொழுது, வளைந்த நடுவிரலே பெரும்பாலும் கடைசியாக அதைத் தொட்டது. ஆகவே மற்றவர்கள் பந்து சுழல்வதுபோல் அவருடைய பந்து சுழலவில்லை. நேராக எறிவதற்கு மற்றவர்களைவிட அவர் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. ஆனால் அடிப்பவர் அருகே சென்றதும் சட்டென்று தாழும் பந்து அவருக்குக் கைவந்தது. அடிப்பவர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகியவை ஐந்து விரல்கள் எறிந்த பந்துகள். இது அவர்கள் பாராத பந்து.

அப்படியானால் விரல் போனதுதானே காரணம் என்று கேட்கலாம். இங்கேதான் நம் மறுப்பு. கோணல் கை தந்தது வளைவு மட்டுமே. வளையும் பந்து எங்கே போய்ச் சேரும் என்பதை எறிபவர் அறியாவிட்டால் அது அவருக்கே பகை. பிரவுனின் பெருமை, பந்தைத் தாம் குறித்த இடத்தில் சேர்த்ததில் இருந்தது. அந்தக் குறி, களஞ்சியத்துச் சுவர்த் துளைகளில் எறிந்து எறிந்து கற்ற குறி. அதை எந்த இயந்திரமும் அவருக்குத் தரவில்லை.

மற்றொன்றையும் கூற வேண்டும். கையிலோ காலிலோ குறையுள்ள பிள்ளையை, விளையாட்டுப் போட்டி நாளில் மரத்தடியில் உட்கார வைத்து, மற்றப் பிள்ளைகளின் காலணிகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காவலாக விடும் வழக்கத்தை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். செய்பவர்கள் இரக்கத்தினால்தான் செய்கிறார்கள். காக்ஸ்வில் ஊராரும் அன்று அவ்வாறு இரங்கியிருப்பார்களேயானால், எழுதுவதற்கு இந்த வரலாறே இருந்திராது. அவர்கள் அவரை முதலில் மூன்றாம் தளத்திலாவது நிறுத்தினார்கள்.

சிகாகோவில் பிரவுனின் பொற்காலம் தொடங்கியது. 1905 இல் பிராங்க் சான்ஸ் என்பவர் ஆட்டக்காரராகவும் நிர்வாகியாகவும் பொறுப்பேற்றார். 1906 இல் கப்ஸ் குழு 116 ஆட்டங்களை வென்று 36 இல் மட்டுமே தோற்றது. அவ்வாண்டு பிரவுன் 26 வெற்றி, 6 தோல்வி. பந்து எறிபவரின் திறமையை அளக்க ஒரு கணக்கு உண்டு: ஒன்பது முறை கொண்ட ஓர் ஆட்டத்திற்கு, அவருடைய எறிதலில் எதிரிகள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் எடுத்தனர் என்பது. மூன்றுக்குக் கீழ் இருந்தால் மிக நன்று என்பர். 1906 இல் பிரவுனின் கணக்கு 1.04. அவர் ஆடிய நேஷனல் லீக் என்னும் சங்கத்தில், 1900 ஆம் ஆண்டுக்குப் பின் ஓராண்டு முழுமையும் எறிந்தவர் எவரும் இன்றுவரை அதை வெல்லவில்லை. அவ்வாண்டு உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் மட்டும் கப்ஸ் குழு, அதே நகரத்து ஒயிட் சாக்ஸ் குழுவிடம் எதிர்பாராமல் தோற்றது. நான்காம் ஆட்டத்தை 1-0 என வென்ற பிரவுன், ஆறாம் ஆட்டத்தில் நன்றாக அடி வாங்கினார். 1907 இல் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவை வீழ்த்தி வாகை சூடினர். கடைசி ஆட்டத்தில் பிரவுன் எதிரிகளுக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை.

எனினும் பிரவுனின் பெயர் நின்றது 1908 ஆம் ஆண்டினால்தான். அவ்வாண்டு சிகாகோ கப்சுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவுக்கும் கடும் போட்டி. ஜயன்ட்ஸ் குழுவின் பந்து எறிபவர் கிறிஸ்டி மேத்யூசன். அவர் பக்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நெடிய உருவமும் அழகிய தோற்றமும் உடையவர். நாடே அவரைக் கொண்டாடியது. எதிரே நின்றவர் சுரங்கத்திலிருந்து வந்த பிரவுன். 1905 இல் ஒருமுறை இருவரும் மோதியபொழுது, மேத்யூசன் சிகாகோவினர் ஒருவரையும் ஒழுங்காக அடிக்கவே விடாமல் 1-0 என வென்றிருந்தார்.

1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் இவ்விரு குழுக்களும் ஆடியபொழுது ஒரு விந்தை நிகழ்ந்தது. கடைசி முறை, ஆளுக்கு ஓர் ஓட்டம், இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை நன்றாக அடித்தார். மூன்றாம் தளத்தில் நின்றவர் ஓடி வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். மக்கள் ஆரவாரத்துடன் திடலுக்குள் புகுந்தனர். முதல் தளத்தில் நின்ற பிரெட் மெர்க்கல் என்னும் 19 வயது இளைஞர், ஆட்டம் முடிந்ததென்று எண்ணி, இரண்டாம் தளத்தைத் தொடாமலே திரும்பி ஓடினார். அவர் தொட்டிருக்க வேண்டும், விதி அவ்வாறு. கப்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஈவர்ஸ் பந்தை வரவழைத்து இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டு முறையிட்டார். நடுவர் மெர்க்கல் ஆட்டமிழந்தார் என்றார். வெற்றி ஓட்டமும் செல்லாமற்போயிற்று. ஆட்டம் சமநிலை என்று தீர்ப்பாயிற்று. அந்த இளைஞரை மக்கள் நெடுங்காலம் மடையர் என்று ஏசினர். திரளான கூட்டம் உள்ளே புகுந்த அந்த நேரத்தில் அவருடைய இடத்தில் நாம் இருந்தாலும் ஓடியிருப்போம் என்றே தோன்றுகிறது.

ஆண்டு முடிவில் இரு குழுவும் 98 வெற்றி, 55 தோல்வி என ஒரே நிலையில் நின்றன. ஆகவே அந்தச் சமநிலை ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் மறுபடியும் ஆட நேர்ந்தது. திடல் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதோர் அருகிலிருந்த உயர்மட்ட இரயில் பாதையின் மேல் ஏறி நின்று பார்த்தனர். எறிந்தால் உயிர் போகும் என்று தமக்கு மிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் பிரவுனே பின்னாளில் கூறியிருக்கிறார். அன்று முதலில் எறிந்தவர் அவர் அல்லர். ஜேக் பீஸ்டர் என்பவர். அவர் தொடக்கத்திலேயே தடுமாறினார். ஜயன்ட்ஸ் ஓர் ஓட்டம் எடுத்துவிட்டனர். தளங்களில் மேலும் ஆட்கள் நின்றனர். சான்ஸ் உடனே பிரவுனை அழைத்தார். திரண்டிருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிரவுன் நடுத்திடலுக்கு வந்தார். வந்தவர் எதிர்நின்றவரை ஆட்டமிழக்கச் செய்து அந்த முறையை முடித்தார். மூன்றாம் முறையில் சிகாகோவினர் மேத்யூசனின் பந்துகளை அடித்து நான்கு ஓட்டங்கள் குவித்தனர். பிரவுன் அதன் பின் கொடுத்தது ஒரே ஓட்டம். ஆட்டம் 4-2.

அவ்வாண்டில் அவர் வென்றவை 29 ஆட்டங்கள். உலகத் தொடரில் மீண்டும் டெட்ராய்ட் குழுவைத் தோற்கடித்தனர். அதில் இரண்டு வெற்றிகள் பிரவுனுடையவை. அதன் பிறகு சிகாகோ கப்ஸ் மறுபடியும் உலகத் தொடரை வெல்வதற்கு 2016 ஆம் ஆண்டு வரை, 108 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1906 முதல் 1911 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 20 ஆட்டங்களுக்குக் குறையாமல் பிரவுன் வென்றார். தாம் எறியும் முறை வராத நாட்களிலும், மற்றவர்கள் தடுமாறும்பொழுது இடையில் புகுந்து ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுப்பார். 1912 இல் முழங்காலில் அடிபட்டது. சிகாகோவினர் அவரை விட்டுவிட்டனர். அதன் பின் சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், புரூக்ளின் என்று பல குழுக்களுக்கு மாறினார். 1916 இல் மீண்டும் கப்ஸ் குழுவுக்கே வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4, அமெரிக்காவில் தொழிலாளர் தினம். அன்று சிகாகோவில் மேத்யூசனும் பிரவுனும் கடைசி முறையாக எதிரெதிரே நின்று எறிந்தனர். மேத்யூசன் அப்பொழுது சின்சினாட்டிக் குழுவின் நிர்வாகி. இருவருக்கும் கை ஓய்ந்துவிட்டது. இருவருடைய பந்தும் நன்றாக அடிபட்டது. எனினும் இருவரும் விலகாமல் கடைசி வரை எறிந்தனர். மேத்யூசன் பக்கம் 10-8 என வென்றது. பெரிய குழுக்களில் அவ்விருவருக்கும் அதுவே இறுதி ஆட்டம்.

பிரவுன் சில ஆண்டுகள் சிறிய குழுக்களில் ஆடிவிட்டு, டெர ஹோட் நகருக்குத் திரும்பி ஒரு பெட்ரோல் நிலையம் நடத்தி வந்தார். அந்தக் கையைப் பற்றிக் கேளாதவர் இல்லை. மூன்று விரல் என்னும் பெயர் சரிதானா என்று நம் மாணவர்களும் எண்ணிப் பார்க்கலாம். கட்டை விரலைச் சேர்த்தால் நான்கு. கட்டை விரலை விட்டு எண்ணினால் மூன்று. குறைபட்ட விரலால் பந்து எறிவதற்கு நன்மை உண்டானதா என்று கேட்டவர்களுக்கு, தாம் முழு விரலோடு ஒருநாளும் எறிந்து பார்த்ததில்லையே, எப்படிச் சொல்வது என்னும் பொருள்பட விடையளிப்பாராம்.

1948 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று அவர் காலமானார். அதற்கு மறு ஆண்டு, பேஸ்பால் பெரியோர்களுக்கென்று கூப்பர்ஸ்டவுன் நகரில் அமைந்துள்ள புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. அங்குள்ள வெண்கலப் பலகையில், 1908 இல் அவர் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் எதிரிகளுக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் எறிந்தது பொறிக்கப்பட்டுள்ளது. பெயருக்குக் கீழே இரண்டு பட்டப்பெயர்களும் உள்ளன. ஒன்று மூன்று விரல். மற்றொன்று சுரங்கத் தொழிலாளி.